மலையகத்திலிருந்து நெடுந்தீவுக்கு: படகுப் பயணத்தையும் பழைய இடிபாடுகளையும் ஒரே நாளில் முடிப்பது எப்படி

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கான பயணத்தைத் திரும்பும் படகிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் முன்னோக்கித்தான் எண்ணுகிறார்கள்: எத்தனை மணிக்கு வேன் வரும், எத்தனை மணிக்கு யாழ்ப்பாணம், எத்தனை மணிக்குப் படகேறும் குறிகட்டுவான் துறை. அப்படிப் போனால் குதிரையைப் பார்த்து, பாவோபாப் எனும் பெருக்கமரத்துக்குள் புகுந்து படம் எடுத்து முடிப்பதற்குள் படகுக்காரர் கூப்பிட்டுவிடுவார். நானூறு கிலோமீட்டர் கடந்து போனது எதற்கோ, போர்த்துக்கேயர் கோட்டையும் கோட்டைக்காட்டு இடிபாடுகளும் பார்க்காமலே போய்விடும்.

கணக்கு இப்படி. மாலைப் படகு 2.30க்கு என்று வைத்துக்கொள்வோம். 1.45க்கு இறங்குதுறையில் நிற்க வேண்டும். ஆட்கள் நிறைந்தால் படகு யாருக்காகவும் காத்திருக்காது. காலைப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடி 9.30 அளவில் கரை சேர்த்தால், கையில் இருப்பது நாலேகால் மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் முக்கால் மணி நேரம் போகும். மீதி மூன்றரை மணி நேரத்தில் ஐந்து இடம் பார்க்கலாம், பத்து இடம் முடியாது. படகு நேரம் நாளுக்கு நாளும் காற்றுக்கு ஏற்பவும் மாறும். அதனால் இந்த எண்களை அப்படியே நம்பாமல், முதல் நாள் மாலை விசாரித்து உங்கள் நேரத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

முதலில் மாதம், பிறகு தேதி

மலையகத்தின் லீவுக் கணக்கும் வடக்கின் கடல் கணக்கும் ஒத்துப்போவதில்லை. தோட்டத்தில் எல்லோரும் சேர்ந்தாற்போல் லீவு எடுப்பது தீபாவளிக்கு. அது ஒக்டோபர், நவம்பரில் வரும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் காலமும் அதுவே. படகு ஓடாது, ஓடினாலும் நனைந்து போவீர்கள். தைப்பொங்கல் நேரத்தில் மழை ஓய்ந்திருந்தாலும் வாடைக்காற்று மிச்சம் இருக்கும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை சோளகக் காற்றின் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றில் அலை குறுக்கே எழும். முதல் தடவை கடல் ஏறுகிறவர்களுக்கு அது நல்ல அனுபவமாக இருக்காது.

கடல் அமைதியாக இருப்பது பெப்ரவரி, மார்ச், ஏப்ரல். மேற்குச் சரிவுத் தோட்டங்களில் பெப்ரவரி வறட்சியில் கொழுந்து குறைவு, லீவு கேட்பதும் சுலபம். ஆனால் அதே மாதங்கள் சிவனொளிபாதமலைக் காலம். மஸ்கெலியா, ஹட்டன் வேன்களெல்லாம் சனி, ஞாயிறுகளில் நல்லதண்ணிப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். வேன் பேசுவதென்றால் ஒரு மாதம் முன்பே பேசி முற்பணம் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ஒன்றரை மடங்கு சொல்வார்கள், அல்லது பழைய வண்டியைத் தருவார்கள்.

பெப்ரவரிக் கடைசி அல்லது மார்ச்சில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும். அந்த இரண்டு மூன்று நாள் குறிகட்டுவான் துறையில் பக்தர் கூட்டமும் படகு நெருக்கடியும் இருக்கும். அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

போயா தினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை போயா வந்தால் நமக்கு அருமையான வார இறுதி. ஆனால் போயா அன்றே தீவுக்குப் போகக் கூடாது. நயினாதீவு நாகவிகாரைக்குப் போகும் யாத்திரிகர்களும் அதே குறிகட்டுவான் துறையில்தான் நிற்பார்கள். வியாழன் மாலை புறப்பட்டு, வெள்ளி காலை யாழ்ப்பாணம் சேர்ந்து, குளித்து, நல்லூருக்குப் போய், யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துத் தூங்குங்கள். சனி நெடுந்தீவு. ஞாயிறு வீடு. திங்கள் காலை தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நிற்கலாம்.

“வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலையே படகு பிடிக்கலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. காகிதத்தில் முடியும். ஹட்டனிலிருந்து கண்டி சுமார் 70 கிலோமீட்டர், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ-9 வீதி 321 கிலோமீட்டர். கினிகத்தேனையில் பனிமூட்டம், தம்புள்ளைச் சந்தைப் பக்கம் இரவு மரக்கறி லொறிகள், வழியில் ஒரு டயர். ஒரு மணி நேரம் பிந்தினால் படகு போய்விடும். பிந்தாவிட்டாலும் தூங்காத உடம்போடு வெயிலில் நான்கு மணி நேரம். இந்தத் திட்டத்தை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

ஹட்டன் ஆட்களுக்கு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி. நுவரெலியா ஆட்களுக்கு றம்பொடை, புசல்லாவை, கம்பளை. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. ரயிலில் போனால் பொல்கஹவெலயில் இறங்கி வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு வண்டிகளின் நேரமும் பொருந்தாவிட்டால் அங்கே மணிக்கணக்கில் உட்கார நேரிடும். மழைக்காலத்தில் மலையகப் பாதை மண்சரிவால் மூடுவதும் உண்டு. நான்கு பேருக்குக் குறைந்தால் கண்டி வரை ஒரு பஸ், அங்கிருந்து யாழ்ப்பாண பஸ் என்று போவதே செலவும் தலைவலியும் குறைந்த வழி. பத்துப் பேருக்கு மேலென்றால் வேன். வேனில் இரண்டு சாரதிகள் இல்லாவிட்டால் இரவுப் பயணம் வேண்டாம், பகலில் போங்கள். வேன் தீவுக்குள் போகாது. குறிகட்டுவானில் நிறுத்திவிட்டு சாரதி அங்கேயே இருப்பார். அவருடைய சாப்பாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1977க்குப் பிறகு வன்னிக்கு இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்கள் ஏராளம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பெரியப்பாவோ சின்னம்மாவோ இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் தங்குவது நல்லதுதான், காசும் மிச்சம். ஆனால் படகு நாளுக்கு முந்திய இரவு அங்கே தங்காதீர்கள். கிளிநொச்சியிலிருந்தால் அதிகாலை நான்கு மணிக்காவது கிளம்ப வேண்டும், சொந்தக்காரர் வீட்டிலிருந்து தேத்தண்ணி குடிக்காமல் யாரும் விடமாட்டார்கள். திரும்பும் வழியில் தங்குங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு கடலுக்கு நடுவே நீளும் தாம்போதி, புங்குடுதீவு. பஸ் 776. ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அங்கிருந்து இறங்கி வருகிற உடம்புக்குத் தீவின் வெயில் புதிது. சாதாரண வெயில் போலத் தெரியாது, காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். அதுதான் ஆபத்து. தாகம் தெரியாமலே நீர் இறங்கிவிடும். மதியம் தலைவலியும் வாந்தியும் வந்த பிறகுதான் விளங்கும். பெரியவர் ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர். தீவின் கிணறுகள் பலவற்றில் உவர்நீர். பன்னிரண்டு பேருக்கு 36 லீற்றர் ஆகிறது. பெரிய கேனாக வாங்கினால் படகில் ஏற்றும்போது இடுப்பு பிடிக்கும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு, அவரவர் பையில். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெட் ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடை எடுக்காதீர்கள், காற்று மடக்கிவிடும். கழுத்து வரை மறைக்கும் தொப்பி, அல்லது நனைத்துத் தலையில் போட ஒரு பருத்தித் துவாய். ரப்பர் செருப்பும் சரிவராது. இடிபாடுகளைச் சுற்றித் தரையெல்லாம் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) துண்டுகள், ஓரம் கத்தி போல இருக்கும். பாதத்தை மூடிய சப்பாத்து வேண்டும். ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள், தீவுக்கு இல்லாவிட்டாலும் இரவு ஏசி பஸ்ஸுக்குத் தேவைப்படும்.

கட்டுச்சோற்றில்தான் அதிகம் பிழை நடக்கிறது. தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் விடியற்காலை கட்டினால் பதினொரு மணிக்கே புளித்துவிடும். மலைக் குளிரில் மாலை வரை தாங்கும் சாப்பாடு இங்கே தாங்காது. ரொட்டி சுட்டு ஆறவிட்டு, தேங்காய் சேராத கட்டச்சம்பல் தனியாக, அல்லது புளிச்சாதம். சுடச்சுட மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும், ஆறிய பிறகே கட்டுங்கள். தீவில் சோறும் மீன்குழம்பும் கிடைக்கும், ஆனால் இறங்கியவுடனே எத்தனை பேர் என்று சொல்லி வைத்தால்தான். ஒரு மணிக்குப் போய்க் கேட்டால் பன்னிரண்டு பேருக்கு இருக்காது.

பிரஷர், சீனி மாத்திரை எடுப்பவர்கள் கூடுதலாக ஒரு நாளுக்குரியதையும் கொண்டுபோக வேண்டும். காற்று எழும்பினால் மாலைப் படகு நிற்கலாம். எல்லோரும் தேசிய அடையாள அட்டை, கையில் சில்லறையாகப் பணம். கைத்தொலைபேசிக்கு ஒரு சொப்பிங் பேக். உப்புத்தூவல் சார்ஜ் போடும் ஓட்டையில் படிந்தால் அன்று மாலையே வேலை நின்றுவிடும்.

துறையில்

படகு புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே நில்லுங்கள். ஒரே துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு போகும். நயினாதீவுப் படகு அடிக்கடி போகும், கால் மணி நேரப் பயணம், கூட்டம் அந்தப் பக்கம்தான் இழுக்கும். ஏறும் முன் “நெடுந்தீவா?” என்று ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். நெடுந்தீவுக்குக் குமுதினி, வடதாரகை போன்ற பொதுப் படகுகளும் தனியார் படகுகளும் ஓடுகின்றன. தீவு மக்கள் வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் போய்வரும் வழி இதுதான், இன்னொன்று இல்லை. வயோதிபர்களுக்கும் நோயாளிகளுக்கும் முதலில் இடம் விடுங்கள்.

ஏறும் விதம் முக்கியம். படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது மேலே வந்து துறை மட்டத்துக்குச் சமமாகும் கணத்தில் கால் வைக்க வேண்டும். இறங்கும்போது வைத்தால் கால் படகுக்கும் கல்லுக்கும் இடையில் போகும். பையை முதலில் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக ஏறுங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாண்டாதீர்கள், உள்ளே நிற்பவர் கையில் கொடுங்கள். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் மடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீந்தப் பழகியது கடலுக்கு உதவாது.

படகில் நடுவிலும் பின்னாலும் ஆட்டம் குறைவு. முன்பகுதிதான் தூக்கிப் போடும். கீழ்த்தட்டில் வெயில் இல்லை, ஆனால் டீசல் மணமும் புழுக்கமும் குமட்டலைக் கூட்டும். வளைவு வீதியில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்கள் என்று யாரைத் தெரியுமோ, அவர்களுக்குப் புறப்பட அரை மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அது வயிற்றில் நிற்காது. தூரத்தில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி பார்ப்பவர்தான் முதலில் விழுவார்.

நெடுந்தீவின் மாவிலித் துறையில் இறங்கியதும்

மூன்று கேள்வி, யாரிடமாவது துறையிலேயே: இன்று கடைசிப் படகு எத்தனை மணிக்கு, இதே துறையிலிருந்தா, காற்று எப்படி. அதன் பிறகே வாகனம் பேசுங்கள். பட்டா ரகச் சிறு லொறிகளும் ஆட்டோக்களும் நிற்கும். ஆளுக்கு எவ்வளவு என்று கேட்காமல், முழு வண்டிக்கு, எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்பத் துறையில் விட வேண்டும் என்று சேர்த்துப் பேசுங்கள். பாதி வழியில் “அங்கே போனால் தனிக் காசு” என்ற பேச்சு வருவது இடங்களின் பெயரை முதலில் சொல்லாததால்தான். பணம் முழுவதையும் திரும்பி வந்த பிறகு கொடுங்கள்.

துறையில் குமுதினிப் படகுப் படுகொலை நினைவிடம் உண்டு. 1985 மே 15இல் அந்தப் படகில் போன பயணிகள் கொல்லப்பட்டார்கள். படம் எடுத்துச் சிரிக்கும் இடம் அல்ல.

எதை முதலில் பார்ப்பது

தூரத்து இடம் முதலில், துறைக்கு அருகில் உள்ளது கடைசியில். இதை மாற்றினால் கடைசி நேரத்தில் தீவின் மறுகோடியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

மேற்கே கோட்டைக்காட்டில் இருக்கும் இடிபாடுகளை ஊர் மக்கள் வெடியரசன் கோட்டை என்கிறார்கள். நாகமணி தேடி வந்த மீகாமனோடு போரிட்ட முக்குவ அரசன் வெடியரசன் என்பது கண்ணகி கதையோடு பின்னிய வழக்கு. தரையில் தெரிவதோ முருகைக்கல்லால் கட்டிய வட்டமான தூபிகளின் எச்சம். தொல்லியல் ஆய்வில் இது பௌத்தத் தலமாகவே அடையாளம் காணப்படுகிறது. இரண்டு செய்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே நின்று யாரோடும் வாதிட வேண்டாம். உயரமாக எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். குனிந்து வட்டத்தைச் சுற்றி நடந்தால், கற்களை வளைவுக்கேற்ப வெட்டி அடுக்கிய விதம் தெரியும். அரை மணி நேரம் போதும்.

வெளியில் மேயும் குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வம்சம். நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரையைத் தடவிப் பழகிய பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: இவை யாருடைய கைக்கும் பழகாதவை, பின்னால் போனால் உதைக்கும். இந்தப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாண் போடாதீர்கள்.

பெருக்கமரம், ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத் தூண்கள், வளர்வதாக ஊரார் நம்பும் வளரும் கல், பெரிய பாதச்சுவடு எல்லாம் சாரதி வழியில் காட்டுவார். சிவனொளிபாதத்தை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதச்சுவட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தெற்கே உள்ள குவிந்தா கோபுரம் கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டியது. நேரம் இருந்தால் மட்டும். வரிசையில் முதலில் வெட்ட வேண்டிய இடமும் அதுதான்.

போகும் வழியெல்லாம் கல்வேலிகள். வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஒன்றையாவது கிட்டப் பாருங்கள். நம் தோட்டத்துக் கற்கட்டு மண்ணைத் தாங்க நிற்பது, பின்னால் மண் தள்ளும். இதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும் வெளி. சாந்து கிடையாது. பெரிய கல் கீழே, மேலே போகப்போகச் சிறிது, இடையிடையே கை நுழையும் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று போவதால்தான் சோளகத்தில் வேலி சாயாமல் நிற்கிறது. கல்லில் பூப்போல, தேன்கூடு போலப் பதிந்திருப்பது பவளப் பூச்சிகளின் வீடு. படத்துக்காக மேலே ஏறினால் ஒரு கல் நழுவும், அதோடு மேலே உள்ள நாலைந்தும் சரியும். பிள்ளைகள் கல்லைப் பையில் போடுவதையும் கவனியுங்கள். தொல்லியல் சின்னத்திலிருந்து கல் எடுப்பது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

கடைசியாகப் புறாக்களுக்காகக் கட்டிய பழைய புறாக்கூடும் கோட்டையும். போர்த்துக்கேயர் இந்தத் தீவைப் பசுக்களின் தீவு என்றார்கள், ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்து டெல்ஃப்ற் ஆக்கினார்கள். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையும் அதே முருகைக்கல்தான், ஆனால் வேலியைப் போலில்லாமல் சுண்ணாம்புச் சாந்து வைத்தது. சாந்து உதிர்ந்த இடங்களில் சுவர் தளர்ந்திருக்கிறது. சாய்ந்த வாசல்களுக்குக் கீழே நிற்காதீர்கள், மாடிச் சுவரில் கை ஊன்றாதீர்கள். வெயில் உச்சிக்கு வந்திருக்கும் நேரம், சுவரின் நிழல் பக்கமாகச் சுற்றுங்கள். நாற்பது நிமிடம்.

படகு ஓடாவிட்டால்

முதல் நாள் மாலையே விசாரித்திருந்தால் குறிகட்டுவான் வரை வீணாகப் போகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், சுன்னாகம் பக்கம், கந்தரோடை இருக்கிறது. சிறிய முருகைக்கல் தூபிகள் பல ஒரே இடத்தில், கோட்டைக்காட்டில் காண இருந்ததைவிடத் தெளிவாக. அதோடு யாழ்ப்பாணக் கோட்டை. கடல் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால், நயினாதீவுப் படகு ஓடுகிறதா என்று கேளுங்கள். குறுகிய கடலாதலால் நெடுந்தீவு நின்ற நாளிலும் சிலவேளை ஓடும்.

தீவில் இருக்கும்போது மாலைப் படகு நின்றால், வண்டிச் சாரதியிடமே தங்குமிடம் கேளுங்கள். மீன்பிடி வள்ளத்தில் கொண்டுபோய் விடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய படகு போகாத கடலில் சின்ன வள்ளம் போவது எந்த அவசரத்துக்கும் சரியில்லை.

திரும்பும்போது

குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் சேர ஆறு மணி ஆகலாம். அன்றிரவே ஊருக்குப் புறப்படுவதாக இருந்தால் எட்டு மணிக்கு முந்திய பஸ்ஸில் இடம் பதியாதீர்கள். ஏறுவதற்கு முன் குளித்து உப்பைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் வெயில் சுட்ட தோல் இரவு முழுக்க எரியும். ஸ்வெட்டரை மூட்டையின் அடியில் கட்டாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டியில் விடியற்காலை இறங்கி ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.